சைலன்சர் சத்தம் உயிரைக் காக்குமா?

மளிகைக் கடையாகட்டும், மண்டியாகட்டும், மொத்த வியாபாரமாகட்டும், இன்று இருசக்கர வாகனம் இல்லாமல் நமது தொழில் ஒரு நாள் கூட நடவாது. ஒரு காலத்தில் சைக்கிளும் தள்ளுவண்டியும் செய்து வந்த வேலையை இப்போது டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் செய்கின்றன. விடியற்காலையில் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை வருவது அதில்தான். போனில் சொன்ன அரிசிச் சிப்பத்தையும் எண்ணெய் டின்னையும் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுப்பதும் அதில்தான். இரவு கடை அடைத்த பின் கல்லாப் பணத்தோடு நாம் வீடு திரும்புவதும் பெரும்பாலும் அதில்தான். ஆகவே இருசக்கர வாகன விபத்து என்பது நம்மைப் பொறுத்தவரை யாருக்கோ நடக்கும் செய்தி அல்ல. அது நமது கடையின் விஷயம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்துள்ளனர். இவர்களில் 100க்கு 44 பேருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே விபத்துகளின் எண்ணிக்கை மிகுந்த மாநிலம் நமது தமிழ்நாடுதான். 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் போயின. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு, இளைஞர்களிடம் பரவியுள்ள ஒரு நம்பிக்கையை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

அந்த நம்பிக்கை இதுதான்: "வண்டி சத்தமாக இருந்தால் மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்; விபத்து நடக்காது." அமெரிக்காவில் இதை ஒரு முழக்கமாகவே எழுதி வண்டியில் ஒட்டிக்கொள்வோர் உண்டு. நம்மூரில் முழக்கம் இல்லாவிட்டாலும் எண்ணம் ஒன்றுதான். "ஏன் தம்பி, இப்படிச் சத்தம் போடுகிறது வண்டி?" என்று கேட்டால், "சத்தம் இருந்தாத்தான் அண்ணாச்சி, லாரிக்காரன் திரும்பிப் பார்க்கிறான்" என்று டெலிவரிக்குப் போகும் தம்பி பதில் சொல்கிறார். வெறும் பந்தாவுக்காகச் செய்கிறார் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை சரியா, தவறா என்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஏனெனில் பல நேரங்களில் வண்டியும் நம்முடையது, அனுப்புகிறவரும் நாமே.

சைலன்சர் செய்யும் வேலை

என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து, சூடான வாயு மிகுந்த அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. அப்படியே வெளியே விட்டால் ஒவ்வொரு வெடிப்பும் துப்பாக்கி வெடித்தது போலக் கேட்கும். இந்த வாயுவைச் சில அறைகள் வழியாகச் செலுத்தி, துளையிட்ட குழாய்களிலும் தடுப்புத் தகடுகளிலும் மோதவிட்டு, அதன் வேகத்தையும் ஓசையையும் தணிப்பதே சைலன்சரின் வேலை. சிலவற்றில் ஓசையை உறிஞ்சிக்கொள்ளக் கண்ணாடிப் பஞ்சும் அடைத்திருப்பார்கள். புதிய வண்டிகளில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கிப் பகுதியும் புகைக்குழாயோடு சேர்ந்தே இருக்கும்.

சத்தம் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் உள்ளே இருக்கும் தடுப்பை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அல்லது கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறார்கள். புல்லட்டுக்கு "பஞ்சாப்" என்றும் "இந்தூரி" என்றும் பெயர் சொல்லி விற்கப்படுபவை இந்த வகை. ஓடும்போது சாவியை அணைத்துப் போட்டு, எரியாத பெட்ரோலைச் சூடான குழாய்க்குள் வெடிக்கச் செய்து, பட்டாசு வெடிப்பது போலச் சத்தம் எழுப்பும் பழக்கமும் உண்டு.

இதில் நமக்குத் தெரிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. என்ஜினையும் அதன் புகைக்குழாயையும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்தே தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்குழாயில் உள்ள உணர்கருவி சொல்வதை வைத்துத்தான் பெட்ரோல் அளந்து விடப்படுகிறது. குழாயை மாற்றினால் அந்தக் கணக்கு குழம்பும். மைலேஜ் குறையக்கூடும், வினையூக்கியை எடுத்துவிட்டால் புகைச் சான்றிதழும் சிக்கலாகும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்கும் வியாபாரிக்கு இது நஷ்டக் கணக்கே.

சத்தம் எங்கே போகிறது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். வண்டியின் ஹாரனை முன்பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்கள். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. எதிரே வருகிறவரை எச்சரிப்பதற்கு உண்டான கருவி எது என்பது இந்த அமைப்பிலேயே விளங்கும். சைலன்சரிலிருந்து வரும் ஓசையின் பெரும்பங்கு வண்டி கடந்து போன பிறகு, பின்னால் நிற்கிறவர் காதில் விழுகிறது. நமது கடை வாசலில் நாம் அனுபவிப்பதும் இதைத்தான்: வண்டி வருவதைவிட, போன பிறகுதான் காது அதிர்கிறது.

அடுத்து, தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். குழாயிலிருந்து 1 மீட்டரில் 95 டெசிபல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் 89, 4 மீட்டரில் 83, 8 மீட்டரில் 77, 16 மீட்டரில் 71. அந்த 16 மீட்டரில் ஒரு கார், கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்டு வருகிறது என்றால், காரின் உடம்பு இன்னும் 20 டெசிபலுக்குக் குறையாமல் தடுத்துவிடும். மிச்சம் 50 டெசிபல். ஏ.சி. காற்றின் இரைச்சல், டயரின் ஓசை, பாட்டு, பேச்சு இவற்றுக்கு நடுவே அது கரைந்து போகும். லாரி டிரைவரின் நிலையோ இன்னும் மோசம். அவர் அருகிலேயே அவருடைய என்ஜின் இரைந்து கொண்டிருக்கிறது.

16 மீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒன்றரை வினாடிக்குள் கடந்துவிடும். ஆக, சத்தம் கேட்க வேண்டியவருக்குக் கேட்பதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிடுகிறது.

"அப்படியானால் சத்தத்தால் பயனே இல்லையா? தெருவில் நடப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெதுவாகப் போகும் கடைத்தெருவில் நடப்பவர் காதில் வண்டிச் சத்தம் விழத்தான் செய்கிறது, விழவும் வேண்டும். ஆனால் அதற்கு எவ்வளவு சத்தம் போதும் என்பதைக் கவனியுங்கள். மின்சாரக் கார்கள் ஓசையே இல்லாமல் வருவதால், நடப்பவர்கள் பாதுகாப்புக்காக அவற்றுக்குச் செயற்கை ஓசை வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகளில் விதி செய்து, 2019இல் புதிய மாடல்களுக்கும் 2021இல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அந்த விதிப்படி 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்க வேண்டிய குறைந்த அளவு 56 டெசிபல்தான். நமது நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உற்பத்தியாளர்களுக்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்போ, 80 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 75, 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80 டெசிபல். அதாவது, கம்பெனி சைலன்சரோடு ஓடும் சாதாரண வண்டியே நடப்பவர் காதுக்குப் போதுமான ஓசையைத் தந்து கொண்டிருக்கிறது. அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு டெசிபலும் எச்சரிக்கை அல்ல, மிரட்டல். இரண்டு பக்கமும் கட்டடம் நெருங்கிய தெருவில் எதிரொலி சேர்ந்து, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். திடுக்கிட்ட கிழவியோ குழந்தையோ மாடோ எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்குத் தெரியும்?

ஆபத்து எந்தத் திசையில் வருகிறது?

மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக நேரில் போய் ஆராய்ந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று 1981இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று விபத்துகளில் மோட்டார் சைக்கிளோடு வேறொரு வாகனம் மோதியிருந்தது. அவற்றில் மூன்றில் இரண்டில், மற்ற வாகனக்காரர் வழி விட வேண்டிய இடத்தில் விடாததே காரணம். "வண்டி வந்ததை நான் பார்க்கவில்லை" என்பதே அவர்களில் பலரும் சொன்ன காரணம். "கேட்கவில்லை" என்பதல்ல பிரச்சினை. "பார்க்கவில்லை" என்பதே பிரச்சினை. ஆபத்தைக் கண்டது முதல் மோதும் வரை ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் நேரம் 2 வினாடிக்கும் குறைவு என்றும் அந்த ஆய்வு காட்டியது.

ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 1999-2000 ஆண்டுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்தபோதும், ஓட்டுகிறவருக்கு வந்த ஆபத்துகளில் 100க்கு 90 அவருக்கு முன்பக்கத்திலேயே இருந்தது தெரிய வந்தது. முன்னால் இருக்கும் ஆபத்துக்குப் பின்னால் திரும்பியிருக்கும் குழாய் என்ன செய்யும்?

நமது நாட்டில் பின்னாலிருந்து லாரியோ பஸ்ஸோ வந்து மோதும் விபத்துகளும் ஏராளம் என்பதை நாம் அறிவோம். நெடுஞ்சாலை ஓரக் கடைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கும் மருந்து சத்தம் அல்ல. தன் என்ஜின் இரைச்சலில் அமர்ந்திருக்கும் லாரி டிரைவருக்கு, எரிகிற சிவப்பு விளக்கும் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுப்பட்டையும்தான் தூரத்திலேயே தெரியும். நமது வண்டிகளில் பின்பக்கம் சரக்குச் சாக்கு தொங்கி அந்த விளக்கையே மறைத்துவிடுகிறது. சைலன்சருக்குச் செலவழிக்கும் தம்பி, பின்விளக்கு பல்பு போய் ஒரு மாதமாகியும் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஓட்டுகிறவரின் காது

சத்தத்தை மற்றவர்கள் ஒரு கணம் கேட்கிறார்கள். ஓட்டுகிறவர் நாள் முழுவதும் கேட்கிறார். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது தொழில் நல வல்லுநர்கள் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி நேரம்தான். காலை முதல் மாலை வரை டெலிவரிக்குச் சுற்றுகிற ஒருவர், சத்தமான வண்டியில் இந்த அளவை எளிதில் தாண்டிவிடுவார். உட்செவியில் ஓசையை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதலில் இரவில் காதில் ரீங்காரம். பிறகு மெல்லிய ஓசைகள் கேட்பதில்லை. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் போனில் சொல்லும் விலாசம் கூடச் சரியாக விளங்குவதில்லை.

இது நாளைய பாதிப்பு. இன்றைய பாதிப்பு இன்னொன்று. தன் வண்டியின் சத்தமே காதை நிறைத்திருக்கும்போது, பின்னால் வரும் லாரியின் ஹாரனும் ஆம்புலன்சின் ஒலியும் அவருக்குத் தாமதமாகவே கேட்கும். பாதுகாப்புக்கென்று மாட்டிய குழாய், பாதுகாப்புக்கான எச்சரிக்கையையே மறைக்கிறது.

கடைத்தெருவின் இழப்பு

வியாபாரம் என்பது பேச்சு. விலை சொல்வதும், எடை சொல்வதும், நலம் விசாரிப்பதும் பேச்சால்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், வணிகப் பகுதிகளில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள அமைதிப் பகுதிக்கு 50, 40. இருதய நோயாளி மருந்து வாங்க நிற்கும் மருந்துக்கடை வாசலில் வெடிச் சத்தத்தோடு ஒரு வண்டி போனால் அவர் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மாலை நேரத்தில் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் அமைதியாக நின்று பொருள் பார்த்து வாங்கும் தெருவுக்கே மீண்டும் வருவார்கள். தெருவின் பெயர் கெட்டால் கடையின் வியாபாரமும் கெடும்.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பின், இந்த விஷயத்தில் தண்டனைகள் கடுமையாகியுள்ளன. உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறோம்.

சைலன்சர் வழியாக அல்லாமல் வேறு வழியாகப் புகையை வெளியேற்றும் அமைப்போடு ஓட்டினால், பிரிவு 194-எஃப்படி முதல் முறை 1,000 ரூபாயும், அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம். தேவையின்றி ஹாரன் அடிப்பதற்கும் இதே பிரிவுதான்.

ஒலி அளவு விதிகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், பிரிவு 190(2)படி 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டும் உரிமத்தையும் 3 மாதம் இழக்க நேரும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஓட்டுகிறவர் மட்டுமல்ல, "ஓட்டச் செய்கிறவரும், ஓட்ட அனுமதிக்கிறவரும்" இந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள் என்பதே. தலைக்கவசம் பற்றிய பிரிவு 194-டியும் அப்படியே. 1,000 ரூபாய் அபராதமும் 3 மாத உரிமத் தடையும் அதில் உண்டு.

வண்டியின் உரிமையாளர் சட்டத்துக்கு மாறாக அதன் அமைப்பை மாற்றினால், பிரிவு 182-ஏ(4)படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைக் காவல் துறையினர் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

அபராதத்தைவிடப் பெரிய சுமை இன்னொன்று உண்டு. வேலை நேரத்தில் ஊழியருக்கு நேரும் விபத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியைச் சேரும் என்பது, 1923ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி நமது நாட்டில் நிலைபெற்ற கொள்கை. "வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடலாகாது. 2018இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்ட தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது மட்டும் பொருந்துவது. நமது பெயரில் உள்ள வண்டியைக் கடைத் தம்பி ஓட்டிச் செல்லும்போது அவருக்கு அந்தக் காப்பு கிடையாது. அவருக்கென்று தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் வண்டியின் அமைப்பை மாற்றியிருந்தால், வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையும் தகராறில் முடியலாம்.

உண்மையில் உயிரைக் காப்பவை

சத்தம் காக்காது என்றால் எது காக்கும்? இதற்கும் ஆய்வுகள் தெளிவான பதில் தருகின்றன.

முதலாவது தலைக்கவசம். உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2008இல் வெளியான மதிப்பீட்டின்படி, தலைக்கவசம் மரண அபாயத்தை 100க்கு 42 பங்கும், தலைக்காய அபாயத்தை 69 பங்கும் குறைக்கிறது. நமது நாட்டில் 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ். 4151 தரத்துக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசம் விற்பது சட்ட விரோதம். முத்திரை பார்த்து வாங்க வேண்டும்; தாடைப் பட்டியை மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டி மாட்டாத தலைக்கவசம் தலைக்கு முன்னால் தரையில் விழும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரிவது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் 1993 முதல் 1996 வரை நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிரும் அல்லது வெளிச்சத்தில் மின்னும் மேலாடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 100க்கு 37 பங்கு குறைவாக இருந்தது. கறுப்புத் தலைக்கவசத்தைவிட வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு 24 பங்கு குறைவு. பகலிலும் முன்விளக்கு எரியவிட்டவர்களுக்கு 27 பங்கு குறைவு. நமது நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முன்விளக்கு தானாகவே எரிந்து கொண்டிருப்பதன் காரணம் இதுதான். "விளக்கு எரிகிறது, அணையுங்கள்" என்று எதிரே வருகிறவர் சைகை காட்டினால் கவலைப்பட வேண்டாம். அது எரியத்தான் வேண்டும்.

மூன்றாவது, வேகமும் பிரேக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்கும் ஒரு வினாடிக்குள் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். நல்ல பிரேக்கும் காய்ந்த சாலையும் இருந்தால் மேலும் 9 மீட்டர் ஓடி நிற்கும். மொத்தம் 20 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 37 மீட்டராகிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான். நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின்னால் 50 கிலோ மூட்டையும் இருந்தால், முன்சக்கரத்தின் பிடிமானம் குறைந்து வண்டியைத் திருப்புவதும் சிரமமாகும்.

இங்கே நம் பக்கத்துப் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். "சீக்கிரம் போய்ட்டு வா" என்ற ஒரு வார்த்தையை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்? 3 கிலோமீட்டர் தூரத்தை 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம். 45இல் போனால் 4 நிமிடம். மிச்சமாவது 2 நிமிடம். அந்த 2 நிமிடத்துக்காக ஒரு தாய்க்கு மகனையும், ஒரு கடைக்கு நம்பிக்கையான ஆளையும் பணயம் வைப்பது எந்த வியாபாரக் கணக்கிலும் சேராது.

நமது கடைகளில் செய்ய வேண்டியவை

1. கடை வேலைக்கு ஓடும் வண்டி எதுவாயினும், நம்முடையதோ ஊழியருடையதோ, கம்பெனி சைலன்சரோடுதான் ஓட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். மாற்றியிருந்தால் பழையபடி மாட்டிய பிறகே சரக்கு ஏற்றுவோம்.

2. ஊழியருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள வெளிர் நிறத் தலைக்கவசம் ஒன்றைக் கடைச் செலவில் வாங்கிக் கொடுப்போம். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுக்கும்போது, மின்னும் பட்டை வைத்த மேலாடை ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

3. வாரம் ஒரு நாள், கடை திறந்ததும் முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், டயர், பிரேக் ஆகியவற்றை நாமே நின்று பார்ப்போம். ஐந்து நிமிட வேலை.

4. சரக்கு கைப்பிடியைத் திருப்புவதற்கும், பின்விளக்கு தெரிவதற்கும் தடையாக இருக்கலாகாது. கனமான மூட்டை தாழ்வாகவும் நடுவிலும் இருக்க வேண்டும். ஒரு நடையில் ஏற்ற முடியாததை இரண்டு நடையாக அனுப்புவோம்.

5. உரிமம் இல்லாதவர் கையில் சாவி கொடுப்பதில்லை. 18 வயது நிரம்பாத பையன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பிரிவு 199-ஏபடி வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரும். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். நம் சொந்தப் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும்.

6. டெலிவரிக்குப் போகும் ஊழியரின் பெயரில் விபத்துக் காப்பீடு எடுப்போம். புதுப்பிக்கும் தேதியை வரி கட்டும் தேதிகளோடு சேர்த்துக் குறித்து வைப்போம்.

7. உதிரி பாகக் கடை நடத்தும் நமது உறுப்பினர்கள், தடுப்பில்லாத சைலன்சர்களை விற்பதை நிறுத்தி, அந்த இடத்தில் தரமான விளக்கு, மின்னும் ஒட்டுப்பட்டை, தலைக்கவசம் ஆகியவற்றை அடுக்கி வைத்தால், லாபமும் குறையாது, பழியும் சேராது.

இதையெல்லாம் அதட்டிச் சொன்னால் இளைஞர்கள் கேட்க மாட்டார்கள். "தம்பி, உன் சத்தம் உனக்குப் பின்னால் இருக்கிறவனுக்குத்தான் கேட்கிறது, உன்னை இடிக்கப் போகிறவன் உனக்கு முன்னால் இருக்கிறான். அவன் கண்ணில் நீ படவேண்டும்" என்று விளக்கிச் சொன்னால் கேட்பார்கள். அவர்களும் உயிரோடு வீடு திரும்பவே விரும்புகிறார்கள். சைலன்சருக்கு ஆகும் பணத்தில் நல்ல தலைக்கவசமும் ஒரு ஜோடி பல்பும் வாங்கிவிடலாம் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கணக்குச் சொல்லிப் புரிய வைப்பது நமக்குக் கைவந்த கலைதானே. நாளைக் காலை கடை திறந்ததும், முதல் சரக்கு வெளியே போவதற்கு முன், அந்த வண்டியின் பின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்.